குளியலறையில் வழுக்கி விழாதவள்

“நம்ம ஊர்ல மலை எங்குட்டு இருக்கு? மலை ஏறுற சைக்கிளை வாங்கிட்டு வந்து நிக்கிற?”

நான் அந்தச் சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று என் தாய்மாமன் கேட்டது இது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் கைநாட்டுத்தான். நான் இயற்பியலில் முதுகலை முடித்து, காரைக்குடியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். என் சம்பளத்தில் நான் வாங்கிய சைக்கிளுக்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எவ்வளவு தூரம் தப்பு என்பதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து கிடந்தபோது தெரிந்துகொண்டேன்.

மாமா கேட்டதற்கு இப்போது பதில் சொல்லிவிடுகிறேன். மலை இல்லை. ஆனால் செம்மண் பொட்டல் இருக்கிறது. கோடையில் வற்றிப்போன கண்மாய்கள் இருக்கின்றன. கருவேலங்காட்டுக்குள் ஆடு நடந்து நடந்து உண்டான தடங்கள் இருக்கின்றன. திருப்பத்தூருக்கு அப்பால் சின்னச் சின்னக் கரடுகள், யானை படுத்த மாதிரி பாறைகள். அது போதும் எனக்கு.

நான் வாங்கியது ஹார்ட்டெயில் என்கிற வகை. முன்சக்கரத்துக்கு மட்டும் அதிர்வைத் தாங்கும் ஃபோர்க் இருக்கும். பின்பக்கம் வெறும் சட்டம். பாறை வந்தால் சீட்டிலிருந்து எழுந்து, பெடல் மேல் நின்று, முழங்காலை மடக்கிக்கொள்ள வேண்டும். அந்த வண்டியில் பின்சக்கரத்துக்கான ஸ்பிரிங் நம்முடைய இரண்டு கால்கள்தான். உட்கார்ந்திருந்தால் பின்சக்கரம் வாங்குகிற அடியெல்லாம் நேராக முதுகெலும்புக்கு வரும். இது எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருடம் அப்படித்தான் ஓட்டினேன்.

பிறகு கல்லூரிக்கு ஜெசிந்தா அக்கா வந்தார். வேதியியல் துறை. கொடைக்கானல் பக்கத்துக்காரர். அவரிடம் ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள் இருந்தது. பின்சக்கரத்துக்கும் ஷாக் அப்சார்பர் வைத்தது. அவர் உண்டானதும் வண்டியை என்னிடம் கொடுத்துவிட்டார். “சும்மா நின்னா துருப்பிடிச்சிரும் இந்திரா. பிள்ளை பிறக்கிற வரைக்கும் நீ ஓட்டு.”

மாதக்கணக்கில் அதைத்தான் ஓட்டினேன். முதல் வாரம் ஏமாற்றமாக இருந்தது. பெடலை மிதிக்கிற பலத்தில் கொஞ்சத்தை அந்த ஷாக்கே தின்றுவிடுவது போல ஒரு தொய்வு. அப்புறம் பழகியது. ஆட்டுத்தடத்தில் வேர் வந்தாலும் கல் வந்தாலும் எழுந்திருக்க வேண்டியதில்லை. பின்சக்கரம் தானாக மேலே போய்க் கீழே வரும். நான் உட்கார்ந்தபடியே போனேன். உடம்பு எவ்வளவு சீக்கிரம் ஒரு சுகத்தைக் கற்றுக்கொள்கிறது, எவ்வளவு சீக்கிரம் ஒரு வித்தையை மறக்கிறது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பிள்ளை பிறந்ததும் ஜெசிந்தா அக்காவின் கணவருக்கு மாற்றல் வந்து, அவர்களோடு வண்டியும் போனது. நான் என் பழைய சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கமான கரட்டுக்குப் போனேன். அங்கே இறங்கும் வழியில் ஒரு பாறை விளிம்பு உண்டு. என் இடுப்பு உயரம் இருக்கும். எத்தனையோ தடவை இறங்கிய இடம். அன்றும் இறங்கினேன், உட்கார்ந்தபடியே.

நான் விழவில்லை. இதைச் சொல்லவேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததெல்லாம் இதனால்தான். சக்கரம் தரையைத் தொட்டது, சீட் என்னை அடித்தது, நடுமுதுகில் ஏதோ ஒரு பிஸ்கட் நொறுங்கியது போல இருந்தது. வண்டி கொஞ்சதூரம் தானாக உருண்டு நின்றது. மூச்சு வரவில்லை. இடுப்பிலிருந்து தொப்புள் வரை யாரோ பட்டை போட்டு இறுக்கிய மாதிரி வலி. மெல்லச் சரிந்து தரையில் படுத்தேன். உடம்பில் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை.

அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா மாமாவுக்குச் செய்தாள். மாமா திருப்பத்தூரில் மனை பிரித்து விற்கிறவர், பக்கத்தில் இருந்தார். தன் வேனில் வந்து, வழியில் இருந்த டீக்கடைக்காரர் துணையோடு என்னைத் தூக்கி நடு சீட்டில் போட்டார். சைக்கிளை அந்தக் கடையிலேயே விட்டார்.

வேன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. எங்கள் வீட்டுக்குப் போனது.

அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வேனுக்குள் எட்டிப் பார்த்ததும் அவள் முதலில் சொன்னது, “இந்த டவுசரோட எப்படிடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது? நாலு பேரு பாக்க மாட்டாகளா?”

“அம்மா, என்னை அசைக்காத. முதுகு என்னமோ ஆயிருச்சு.”

“ஒரு நிமிசம்தான் ஆத்தா. சுடிதாரை மாட்டி விட்டுர்றேன்.”

மாமா திரும்பி நின்றுகொண்டார். அம்மா என்னை உட்காரவைத்து, குனியவைத்து, அந்த அரைக்கால் சட்டையை உருவிச் சுடிதாரை மாட்டினாள். நான் கத்தியது தெருக்கோடி வரை கேட்டிருக்கும். கேட்கக்கூடாது என்று அம்மா என் வாயைத் தன் முந்தானையால் பொத்தினாள். முதுகெலும்பு முறிந்த ஆளை எப்படித் தூக்க வேண்டும் என்று பின்னால் ஒரு நர்ஸ் விளக்கிச் சொன்னார்: தலை, தோள், இடுப்பு எல்லாம் ஒரே நேரத்தில், மரக்கட்டையைப் புரட்டுவது போலப் புரட்ட வேண்டும். இல்லாவிட்டால் உடைந்த துண்டு உள்ளே இருக்கும் நரம்பைக் குத்திவிடும், கால் இரண்டும் போய்விடும். அவர் சொல்லும்போது அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சுடிதாரைத்தான் நான் அப்போதும் போட்டிருந்தேன்.

காரைக்குடியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வலிக்கு ஊசி போட்டார்கள். ஊசி போட்டதும் எல்லாம் பஞ்சுக்குள் இருந்து கேட்பது போல ஆகிவிட்டது. எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். என்னைக் கேட்கவில்லை. மாமாவைக் கேட்டார். அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அதையும் மாமாவிடம்தான் சொன்னார்கள்.

மதுரையில் பெரிய தனியார் ஆஸ்பத்திரி. வந்ததும் ஓர் இளம் டாக்டர் என் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு “மேல தூக்கும்மா” என்றார். தூக்கினேன். “கீழ அழுத்து.” அழுத்தினேன். உள்ளங்காலில் ஊசிமுனையால் தொட்டுத் தெரிகிறதா என்றார். தெரிந்தது. நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஒரு நல்ல செய்தி மட்டும் எனக்கு உடனே தெரிந்தது, ஏனென்றால் விரலை அசைத்தவள் நான். மற்றதெல்லாம் வராந்தாவில் மாமாவுக்குச் சொல்லப்பட்டு, மாமா அம்மாவுக்குச் சொல்லி, அம்மா எனக்குப் பாதியாகச் சொன்னாள்.

எனக்கு நேர்ந்ததை எளிமையாகச் சொல்கிறேன். முதுகெலும்பு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சின்ன உருளைகள். நெஞ்சுக்கூடு முடிந்து இடுப்பு தொடங்கும் இடத்தில் உள்ள ஓர் உருளை, கீழிருந்து வந்த அடிக்கும் மேலிருந்த பாரத்துக்கும் நடுவில் மாட்டி முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி ஆகிவிட்டது. அமுங்கல் முறிவு என்கிறார்கள். என்னுடையது நிலையான வகை. அறுவை தேவையில்லை. அசையாமல் படுத்து, பிறகு கவசம் போல ஒரு பெல்ட் கட்டிக்கொண்டு எழுந்து நடந்தால் எலும்பு தானே கூடிவிடும். இவ்வளவுதான். சொன்னபடி செய்திருந்தால் ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்திருப்பேன்.

ஆனால் ஒரு வாரம் போனது, இன்னும் போனது. எடுத்த ரத்தப் பரிசோதனையையே மறுபடியும் எடுத்தார்கள். எம்ஆர்ஐ என்கிற குழாய்க்குள் தள்ளினார்கள். உள்ளே யாரோ தகரத்தைத் தட்டிக்கொண்டே இருக்கிற மாதிரி சத்தம், அசையக்கூடாது, இருமக்கூடாது. முன்கையில் தோலுக்கடியில் ஒரு சின்ன ஊசி போட்டு, சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, இரண்டு நாள் கழித்து வந்து ஸ்கேலால் அளந்தார்கள். அந்த இடம் தடித்திருந்தது. அளந்த பையன் முகம் மாறியது.

“எதுக்குங்க இது?” என்றேன்.

“டாக்டர் சொல்லுவாக” என்று போய்விட்டான்.

அடுத்த படுக்கையில் கமுதிப் பக்கத்து அக்கா ஒருத்தி இருந்தாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. “எனக்கும் இதே வட்டம்தான் போட்டாக. எலும்புல டிபி. வயித்துவலிக்கு வந்தவளைப் பிடிச்சு இதுதான்னுட்டாக. மாத்திரை திங்கிறேன், ஒண்ணுக்குப் போனா செக்கச்செவேல்னு போகுது. முத நாளு பாத்துட்டு எம்புருசன் ரெத்தம்னு அழுதுட்டாரு.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். “நீ எங்கன விழுந்த?”

“விழலக்கா, நான்…”

அம்மா அவசரமாக என் வாயில் இட்லியை வைத்தாள். “பேசாமச் சாப்பிடு. பேசுனா வலிக்கும்.” வலிக்கும் என்பதால்தான் சொல்கிறாள் என்று நான் நம்பினேன்.

பெரிய டாக்டர் காலையில் ரவுண்ட்ஸ் வருவார். பின்னால் நாலைந்து இளம் டாக்டர்கள். அவர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள், படுத்திருக்கிறவர்களுக்குப் புரியக்கூடாது என்று. எனக்குப் புரியும். ஓர் இளம் டாக்டர் என்னைப் பற்றி ஒப்பித்தார்: இளம் பெண், அற்பமான விழுதல், அதற்கே முள்ளெலும்பு நசுங்கியிருக்கிறது. பெரியவர் சொன்னார்: இந்த வயதில் நல்ல எலும்பு இதற்கெல்லாம் நசுங்காது. உள்ளே ஏற்கெனவே அரித்திருக்க வேண்டும். காசநோய், இல்லாவிட்டால் கட்டி. முதுகு வழியாக ஊசி விட்டு எலும்பில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்துவிடலாம். காசநோய் என்றால் ஒரு வருடமாவது மாத்திரை.

கட்டி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் புரிந்துகொள்ள முடிந்ததற்காக வாழ்க்கையில் முதல்முறையாக வருந்தினேன்.

இடுப்பு உயரப் பாறையிலிருந்து இறங்கியதை இவர்கள் அற்பம் என்கிறார்களே என்று கோபம் வந்தது. டாக்டர்களுக்குச் சைக்கிள் என்றால் மிட்டாய் வாங்கப் போகிற சமாச்சாரம் போல என்று நினைத்துக்கொண்டேன். “டாக்டர், அது அவ்வளவு சாதாரணமா?” என்று தமிழில் கேட்டேன். அவர் என் நெற்றியைத் தொட்டார். “பயப்படாதேம்மா. நாளைக்கு எடுத்துப் பாத்துருவோம்.” பிறகு மாமா பக்கம் திரும்பி, கையெழுத்து யார் போடுவார்கள் என்றார். எனக்கு இருபத்தைந்து வயது. கை இரண்டும் நன்றாக இருந்தன.

அன்று மத்தியானம் அம்மாவும் மாமாவும் சாப்பிடக் கீழே போயிருந்தார்கள். அப்பா மட்டும் இருந்தார். அப்பா டைல்ஸ் ஒட்டுகிற வேலை. நான் அடிபட்டபோது திருச்சூரில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போயிருந்தார். செய்தி கேட்டு வந்து, ஊசி மயக்கத்தில் கிடந்த என்னைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போனவர், அன்றுதான் திரும்பி வந்திருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தார். அவர் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

“என்னப்பா இது?”

“ஒண்ணுமில்ல தாயி. பாத்ரூம் தரையைப் பூரா உளி வச்சுக் கொத்திவிட்டுட்டேன். மிசினு இல்ல, கையாலயே கொத்துனேன். இனிமே யாருக்கும் வழுக்காது.”

எனக்குப் புரியவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் பேசிக்கொண்டே போனார்.

“செட்டியார் வீட்டு வேலையில மிஞ்சுன கல்லு. பளபளன்னு இருக்கேன்னு ஆசைப்பட்டு ஒட்டுனேன். தண்ணி பட்டா வழுக்கும்னு தெரியும். தொழில்காரன் எனக்குத் தெரியாதா? ஊருக்கெல்லாம் பாத்ரூமுக்குச் சொரசொரப்புக் கல்லு போடுங்கன்னு சொல்றவன், எம்பிள்ளைக்கு வழவழப்புக் கல்லைப் போட்டுட்டேன். என் கையால நானே உன் இடுப்பை ஒடிச்சுட்டேன் ஆத்தா.”

அவர் அழுதார். என் அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அந்த அழுகைக்கு நடுவில்தான் எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. அற்பமான விழுதல். அம்மா வாயில் வைத்த இட்லி. முந்தானை. பேனா வட்டம்.

மாமா எனக்கு ஒரு வரன் பார்த்திருந்தார். சிவகங்கைக் குடும்பம், மாப்பிள்ளை சிங்கப்பூரில். பெண் சைக்கிளில் காடு கரையெல்லாம் சுற்றுகிறதாமே என்று அவர்கள் கேட்டபோது, அதையெல்லாம் நிறுத்தியாச்சு என்று மாமா வாக்குக் கொடுத்திருந்தார். நான் நிறுத்தவில்லை. என்னிடம் யாரும் கேட்கவுமில்லை. இப்போது சைக்கிளில் இடுப்பை ஒடித்துக்கொண்டாள் என்று வெளியே தெரிந்தால் மாமாவின் வாக்கு பொய்யாகும். அதனால் நான் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன். டாக்டருக்கு, சொந்தக்காரர்களுக்கு, அப்பாவுக்கும்கூட.

அவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

“மாமா, டாக்டர்ட்ட என்ன சொன்னீக?”

அவர் அம்மாவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “எல்லாம் உன் நல்லதுக்குத்தான். மாப்பிள்ளை வீட்டுக்காரக நாளப்பின்ன ஆஸ்பத்திரியில விசாரிப்பாக. இன்னும் ஒரு மாசம் பொறு. தட்டு மாத்திட்டா அப்புறம் யாரு கேக்கப் போறா?”

“நாளைக்கு ஊசி உங்க முதுகுலயா, என் முதுகுலயா?”

“ஊசிதான? எறும்பு கடிச்ச மாதிரி இருக்குமாம். டாக்டரே சொன்னாரு.”

“எனக்கு எலும்புல கட்டி இருக்கலாம்னு சொல்றாக மாமா. தெரியுமா உங்களுக்கு?”

தெரியவில்லை. அவர்கள் ஆங்கிலத்தில் பேசியபோது மாமா பக்கத்தில்தான் நின்றார், ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டிக்கொண்டு. அம்மாவின் முகம் வெளுத்தது. ஆனாலும் அவள் சொன்னதைக் கேளுங்கள்: “சரி, மெதுவா டாக்டர்ட்ட மட்டும் தனியாச் சொல்லிருவோம். நர்சுக காதுல விழ வேணாம். நீ சத்தம் போடாத டீ.”

நான் சத்தம் போட்டேன். சாயங்காலம் பெரிய டாக்டர் வந்தபோது, அவர் பின்னால் எல்லோரும் நிற்கும்போது, ஆங்கிலத்தில் சொல்லியிருக்கலாம். தமிழில் சொன்னேன், வார்டு முழுக்கக் கேட்கும்படி. அப்பாவுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக.

“நான் பாத்ரூம்ல விழல டாக்டர். மலைச் சைக்கிள்ல கரட்டுல இருந்து இறங்குனேன். என் இடுப்பு உயரப் பாறை. சீட்ல உட்கார்ந்தபடியே இறங்கிட்டேன். பின்னாடி ஸ்பிரிங் இல்லாத சைக்கிள்.”

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “உட்கார்ந்தபடியேவா?”

“ஆமா.”

“எழுந்து நிக்கலையா?”

“பழக்கம் விட்டுப்போச்சு.”

அவர் ஃபிலிமை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இளம் டாக்டர்களும் எட்டிப் பார்த்தார்கள். எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் நன்றாகவே இருக்கின்றன, சீழ் இல்லை, நோய் என்றால் இப்படி இருக்காது என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்தது. கையில் தடித்தது? அது நம் ஊரில் பாதிப் பேருக்குத் தடிக்கும், எப்போதோ கிருமியைச் சந்தித்த உடம்பு என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை என்றார். காலையிலும் அவருக்கு இது தெரிந்திருந்ததுதான். ஊசியை ரத்து செய்தார். சில வாரம் கழித்து இன்னொரு தடவை படம் எடுத்து உறுதிப்படுத்தலாம் என்றார்.

போகும்போது திரும்பி, “இதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானேம்மா? படிச்ச பொண்ணுதானே நீ?” என்றார்.

என்னிடம். மாமாவிடம் இல்லை. என்னை ஒருமுறைகூடக் கேட்காத ஒரு மனிதர், ஏன் சொல்லவில்லை என்று என்னைக் கேட்டார். இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது. மாமா அந்த நேரம் பார்த்துத் தன் போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

கமுதி அக்கா மட்டும் கட்டிலில் இருந்து கைதட்டினாள். “அப்படிப் போடு! பாறையில இருந்து சைக்கிள்ல குதிச்சவளா நீ? உங்கம்மா சொன்னதைக் கேட்டு, நான் பாத்ரூம்ல விழுந்த சோப்ளாங்கின்னுல்ல நினைச்சேன்.”

எல்லோரும் போன பிறகு அப்பா கேட்டார். “அப்ப கல்லு வழுக்கலையா?”

“இல்லப்பா.”

“நீ பாத்ரூம் பக்கமே போகலையா?”

“போகலப்பா.”

அவர் தன் கொப்புளங்களைப் பார்த்துக்கொண்டார். அம்மாவையோ மாமாவையோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்து போய், எனக்குப் பிடித்த பன்னீர் சோடா வாங்கிவந்து, ஸ்ட்ரா போட்டு வாயில் வைத்தார். படுத்தபடி குடிக்க வசதியாக ஸ்ட்ராவை வளைத்துப் பிடித்துக்கொண்டே நின்றார்.

பில்லைப் பற்றிப் பெரிதாக எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும். தேவையாக இருந்த பரிசோதனைக்கும் ஒரு பொய்யினால் செய்த பரிசோதனைக்கும் கவுன்டரில் ஒரே குரலில்தான் பெயர் கூப்பிடுகிறார்கள். அப்பா திருச்சூர் வீட்டுக்காரரிடம் முன்பணம் வாங்கிக் கட்டினார். மாமா அன்று ஊரில் இல்லை.

நெஞ்சிலிருந்து இடுப்பு வரை கம்பிச் சட்டம் வைத்த கவசத்தைக் கட்டிக்கொண்டு நான் வீட்டுக்கு வந்தேன். முதல்முதலாக நானாக நடந்து போனது குளியலறைக்குத்தான். பளபளப்பான கல் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி கொத்து. உள்ளங்காலில் குத்தியது. இப்போதும் தினமும் காலையில் குத்துகிறது.

வரன் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் யாரோ ஒருவருக்குச் சிவகங்கைக் குடும்பம் உறவு. பெண்ணுக்கு எலும்பில் காசநோயாம் என்று செய்தி போய்விட்டது. காசநோய் வெட்கப்படுகிற நோயில்லை. கமுதி அக்காவுக்கு அதுதான், மாத்திரை சாப்பிட்டு நடமாடுகிறாள், வாரம் ஒருமுறை எனக்குப் போன் செய்து சிரிக்கிறாள். ஆனால் அவர்கள் பயந்துவிட்டார்கள். மாமா அலறி அடித்துக்கொண்டு போன் போட்டார். நான் பக்கத்து அறையில் படுத்திருந்தேன், எனக்குக் கேட்டது.

“அய்யய்யோ, நோயெல்லாம் ஒண்ணுமில்லைங்க. சத்தியமாச் சொல்றேன். பிள்ளை சைக்கிள்ல இருந்து விழுந்துருச்சு, அம்புட்டுத்தான். சைக்கிள்தாங்க!”

மாமா இந்த விஷயத்தில் முதல்முறையாக உண்மைக்குப் பக்கத்தில் வந்தார். அவரை அவர்கள் நம்பவில்லை.

அவர் இப்போது எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. தன்னை அசிங்கப்படுத்திவிட்டேனாம். அம்மா இன்னும் பார்க்க வருகிறவர்களிடம் குளியலறைக் கதையைத்தான் சொல்கிறாள். ஆதாரத்துக்குக் கொத்திய தரையையும் காட்டுகிறாள். நான் உள்ளிருந்து “சைக்கிள்!” என்று குரல் கொடுப்பேன். வந்தவர்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் காபி குடிப்பார்கள்.

சொன்னபடி மறுபடியும் படம் எடுத்தார்கள். நோய் எதுவும் இல்லை. எலும்பு கூடிவிட்டது, முன்பக்கம் கொஞ்சம் குட்டையாகவே. அது இனி நிமிராது. நான் முன்பைவிட ஒரு விரற்கடை உயரம் குறைந்துவிட்டேன். கவசத்தைக் கழற்றிய பிறகு பிசியோதெரபி அம்மா மாதக்கணக்கில் முதுகுத் தசைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். கடைசி ரிவ்யூவில் பெரிய டாக்டர், “இனிமே சைக்கிளெல்லாம் வேண்டாம்னு பொண்ணுகிட்டச் சொல்லுங்க” என்றார், பக்கத்தில் நின்ற அப்பாவிடம்.

“என்கிட்டயே சொல்லுங்க டாக்டர்” என்றேன். “ஓட்டுனா எலும்பு என்னாகும்? அதைச் சொல்லுங்க.”

கொஞ்சம் யோசித்துவிட்டு, ஓட்டலாம், உயரத்திலிருந்து இறங்கக்கூடாது, முதுகில் அடி வாங்கக்கூடாது என்றார். கேட்டால் சொல்கிறார்கள். கேட்க வேண்டியிருக்கிறது.

நான் யோசித்து வைத்திருந்தது இதுதான். என்னை ஒடித்தது ஹார்ட்டெயில் இல்லை. ஃபுல் சஸ்பென்ஷனும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் போய் வந்ததுதான். ஒரு வண்டி எழுந்து நில் என்கிறது, இன்னொன்று உட்கார் என்கிறது. இனி ஒன்றுதான் இருக்க வேண்டும். டீக்கடையிலிருந்து மீட்டு வந்த பழைய சைக்கிளைக் கல்லூரியில் ஒரு மாணவனுக்கு விற்றேன். பாறை வந்தால் எழுந்து நிற்கிறேன் என்று அவனை மூன்று தடவை சொல்லவைத்த பிறகுதான் கொடுத்தேன்.

போன சனிக்கிழமை அப்பாவும் நானும் மதுரைக்குப் போனோம். பழைய ஃபுல் சஸ்பென்ஷன் ஒன்று விலைக்கு வந்திருந்தது. பின் ஷாக்கில் காற்று அடைக்க வேண்டும். ஓட்டுகிறவரின் எடைக்குத் தகுந்தபடி அடைக்க வேண்டும். கூடினால் கல் மாதிரி இருக்கும், குறைந்தால் தொய்ந்து உட்காரும். கடைக்காரர் சின்னப் பம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

“பாப்பா எத்தனை கிலோ இருக்கும்ங்க?”

அப்பா சைக்கிளின் பின்சக்கரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

“அவகளே நிக்கிறாகல்ல. அவககிட்டயே கேளுங்க.”

நாற்பத்தாறு என்றேன். அவர் காற்றை அடைத்தார். நான் ஏறி உட்கார்ந்தேன். பின்பக்கம் ஒரு விரற்கடை இறங்கி, நின்றது.

சைக்கிள் இப்போது எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது, தெருவில் போகிறவர்கள் பார்க்கிற இடத்தில்.